இடம் நீங்காப் பொருள்கள்

நுழையும்முன்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒரு வாளையோ மட்கலத்தையோ காணும்போது, ‘இது எவ்வளவு பழமையானது?’ என்னும் வினாவே முதலில் எழுகிறது. அவ்வினாவிற்கு விடை தருவது அப்பொருள் மட்டுமன்று. அது கிடந்த மண்ணும், உடன் கிடந்தவையும், எடுத்தவர் எழுதிவைத்த குறிப்பும் சேர்ந்தே விடை தருகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூரிலிருந்து தொல்பொருள்கள் வெளியே சென்ற வரலாறும், அண்மையில் அவ்விடத்திலேயே காட்சிக்கூடம் ஒன்று அமைந்த வரலாறும் இவ்வுண்மையை விளக்குகின்றன.

பறம்பு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் அமைந்துள்ளது. ஆறுமுகநேரியில் ரயிலேறித் திருநெல்வேலி நோக்கிச் செல்பவர்கள் குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய நிலையங்களைக் கடந்தபின் இவ்வூரின் பகுதியை அடைகின்றனர். ஆற்றுப்பாசனத்தால் பச்சைப்பசேல் என விளங்கும் வயல்களுக்கு நடுவே, சரளைக்கல்லும் செம்மண்ணும் கலந்த ஒரு நீண்ட மேடு தெரியும். ஊர்மக்கள் அதனைப் ‘பறம்பு’ என்று அழைக்கின்றனர். சாலை அப்பறம்பின் ஊடாகவே செல்கிறது. அதன் பரப்பு 114 ஏக்கர். பேருந்தில் செல்பவர் பலர் அது ஓர் இடுகாடு என்பதை அறியாமலேயே அதனைக் கடந்து சென்றுகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

இறந்தோரைப் பெரிய மட்தாழிகளில் வைத்துப் புதைக்கும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் பரவலாக இருந்தது. கணவனை இழந்த பெண் ஒருத்தி, அவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாகச் செய்யும்படி குயவரை வேண்டும் பாடல் புறநானூற்றில் (256) இடம்பெற்றுள்ளது. ஆதிச்சநல்லூர் மக்கள் வெள்ளைக் கற்பாறையைக் குடைந்து குழிகள் அமைத்து, அவற்றுள் தாழிகளை இறக்கினர். நீர்பாயும் நிலம் வாழ்வோர்க்கு. பயிர்விளையா மேடு மாய்ந்தோர்க்கு என்னும் பகுப்பு அவர்களிடம் இருந்திருக்கலாம். நிலத்தின் மதிப்பை அறிந்த உழவர் சமூகத்தின் சிந்தனையாகவே அது தோன்றுகிறது.

மூன்று நகரங்களுக்குப் பிரிந்தவை

1876ஆம் ஆண்டு, செருமனியின் பெர்லின் நகரைச் சேர்ந்த இனவரைவியல் அறிஞர் பியோடர் யாகோர் இப்பறம்பில் முதன்முதலாக அகழ்ந்தார். ஐம்பதிற்கும் மேற்பட்ட வகையான மட்கலங்கள், இரும்புக் கத்திகள், கோடரிகள், மண்டையோடுகள் எனக் கிடைத்தவற்றை அவர் எடுத்துக்கொண்டார். அவை பெர்லினின் இனவரைவியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ராபர்ட் கால்டுவெல் கொற்கையிலும் பழைய காயலிலும் அகழ்ந்து பார்த்து, அவை பற்றி எழுதினார். ஒரே ஆற்றின் கரையில் நிகழ்ந்த இவ்விரு முயற்சிகளுள் ஒன்று எழுத்தாக நமக்குக் கிடைத்தது. மற்றொன்று பொருளாகக் கடல் கடந்தது.

அடுத்து வந்தவர் அலெக்சாண்டர் ரீ. இந்தியத் தொல்லியல் துறையின் தென்வட்டக் கண்காணிப்பாளராக விளங்கிய அவர், 1899 முதல் சில ஆண்டுகள் இங்குத் தொடர்ந்து அகழாய்வு செய்தார். ஆதிச்சநல்லூரின் பெயரை உலகம் அறிந்தது அவரால்தான். நெற்றியில் கட்டிக்கொள்வதற்காக இருமுனைகளிலும் துளையிட்ட மெல்லிய பொற்பட்டங்கள், எருமை, ஆடு, சேவல் முதலிய உருவங்களை மூடியின்மேல் தாங்கிய வெண்கலக் கலங்கள், பெண் உருவம் ஒன்று, இரும்பாலான வாள்கள், ஈட்டிகள், மண்வெட்டிகள் ஆகியன கிடைத்தன. கலங்களுக்குள் நெல்லுமி, சிறுதானிய உமி ஆகியவற்றின் எச்சங்களும், துணித் துணுக்குகளும் இருந்ததை அவர் குறித்துள்ளார். 1903-04இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி லாபிக் இங்கு அகழ்ந்து, தாம் பெற்றவற்றைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார்.

ரீ எடுத்தவை சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றன. 1851இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் நாட்டின் பழமையான அருங்காட்சியகங்களுள் ஒன்று. ஆதிச்சநல்லூர், பெரும்பேர் ஆகிய இடங்களின் தொல்பொருள்களுக்கு ரீ உருவாக்கிய அட்டவணை 1915இல் அச்சாயிற்று. ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அதனைப் புரட்டுகின்றனர். யாகோரைவிட ரீ நமக்கு நெருக்கமானவராகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எடுத்தவற்றை அவர் எண்ணினார், அளந்தார், எழுதினார்.

எனினும், இன்றைய அளவுகோலால் நோக்கினால் ஒரு குறை புலப்படும். எந்தத் தாழியினுள், எந்த எலும்புகளோடு, எந்த ஆழத்தில் எந்தப் பொருள் கிடைத்தது என்பதை இன்று முழுமையாக மீட்டெடுப்பது எளிதன்று. ஒரு வாளும் ஒரு பொற்பட்டமும் ஒரே தாழியில் இருந்தனவா என்பது சிறிய செய்தி போலத் தோன்றலாம். இருந்தனவாயின் அவை ஒருவருக்கே உரியவை. அப்போது அவர் ஆணா பெண்ணா, முதியவரா இளையவரா என்னும் வினாக்களை எலும்புகளிடம் கேட்க முடியும். தனித்தனியே பிரிந்த பின்னர், வாள் வெறும் வாளாகவும் பட்டம் வெறும் பொன்னாகவும் நின்றுவிடுகின்றன. இது ரீ ஒருவரின் குறையன்று. அக்காலத் தொல்லியல் எட்டியிருந்த எல்லை அது.

இடத்திலேயே வைத்தல்

அகழ்ந்தெடுத்தவற்றைத் தலைநகருக்கு அனுப்பிவிடும் வழக்கத்திற்கு மாற்றான எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவில் தோன்றியது. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராயிருந்த ஜான் மார்ஷல், சிறிய பொருள்களை அவை கிடைத்த இடத்தின் அருகிலேயே வைக்க வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். அதன்படி காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் 1910இல் அகழ்விட அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று நாட்டின் தேசியச் சின்னமாக விளங்கும் நான்முகச் சிங்கத் தூண்தலை, கிடைத்த ஊரிலேயே இருப்பதற்குக் காரணம் இக்கொள்கைதான். ரீயின் அகழாய்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஓரிரு பத்தாண்டுகள் தாழ்த்து நிகழ்ந்திருந்தால் ஆதிச்சநல்லூரின் கதை வேறாக இருந்திருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது.

ஏறத்தாழ நூறாண்டுகள் பறம்பு அமைதியாகக் கிடந்தது. 2004-05இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. சிறிய பரப்பிலேயே 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. தாழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு அடுக்குகளில் இருந்தமை, பல தலைமுறையினர் இவ்விடத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியதைக் காட்டியது.

அதன் பின்னர் நிகழ்ந்தது கருதத்தக்கது. அகழாய்வின் முடிவுகள் அறிக்கையாக வெளிவர நெடுங்காலமாயிற்று. ஆர்வலர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். அகழ்ந்தபோது சேகரித்து வைத்திருந்த மாதிரிகளுள் இரண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றின் காலம் பொ.ஆ.மு. 905, பொ.ஆ.மு. 696 எனத் தெரியவந்ததாக 2019இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மண்ணிலிருந்து எடுத்துப் பல்லாண்டுகள் கழிந்த மாதிரிகள் எவ்வாறு பேசின? அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்னும் குறிப்பு அவற்றை விட்டுப் பிரியாமல் இருந்தமையால் பேசின. குறிப்பில்லாத ஒரு கரித்துண்டை எந்த ஆய்வகத்திற்கு அனுப்பினாலும் அந்தக் கரியின் காலத்தையே சொல்லும். ஆதிச்சநல்லூரின் காலத்தைச் சொல்லாது.

2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கையில், சிறப்புமிகு தொல்லியல் இடங்களாக மேம்படுத்தப்படும் ஐந்தனுள் ஆதிச்சநல்லூரும் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ராகிகடி, அத்தினாபுரம், சிவசாகர், தோலாவீரா ஆகியன பிற நான்கு. 2021இல் தொல்லியல் துறை மீண்டும் அகழத் தொடங்கியது. 2022இல் ரீ கண்டவற்றைப் போன்றே பொற்பட்டம் ஒன்று கிடைத்தது. இம்முறை அது கிடந்த குழியும் ஆழமும் உடனிருந்த பொருள்களும் பதிவாயின.

2023 ஆகஸ்டு 5 அன்று, பெரிய அருங்காட்சியகம் ஒன்றிற்கு இங்கு அடிக்கல் நாட்டப்பட்டதோடு, அகழ்விடத்திலேயே அமைக்கப்பட்ட காட்சிக்கூடமும் திறந்துவைக்கப்பட்டது. அகழ்ந்த குழிகளை மூடிவிடாமல், தாழிகளை எடுத்துச் செல்லாமல், குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் அமைத்து, அதன்மீது நின்று பார்வையாளர் கீழே நோக்குமாறு அக்கூடம் அமைந்துள்ளது. பேழைக்குள் நிமிர்த்திவைத்த தாழியை நாம் கலம் என்றே காண்போம். மண்ணுள் சாய்ந்தும், பிளந்தும், பக்கத்துத் தாழியோடு உரசியும் கிடக்கும் தாழியைக் காணும்போதுதான் அது ஒருவரை அடக்கம் செய்த இடம் என்பது உறைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மண்ணுள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் ஒன்றைக் கண்டெடுப்பவர் அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுகிறது. தொல்லியல் துறையால் பாதுகாக்கப்படும் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்ட இயலும். வயலிலோ வீட்டுக் கடைக்காலிலோ தாழியின் விளிம்பு தென்பட்டால் அதனைத் தோண்டி எடுக்காமல் அப்படியே விட்டு, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே முறை.

மண்ணைவிட்டு வெளியேறிய பின்

மண்ணுக்குள் இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகள் சிதையாமல் இருந்த பொருள், வெளியே எடுத்த சில நாள்களில் சிதையத் தொடங்குவது ஏன்? புதைந்த பொருளும் சூழ்ந்த மண்ணும் நாளடைவில் ஒருவகைச் சமநிலையை அடைந்துவிடுகின்றன. ஈரம், வெப்பம், காற்று ஆகியன பெரிதும் மாறாமையால் சிதைவு மிக மெதுவாகவே நிகழும். அகழ்ந்தெடுத்ததும் அச்சமநிலை குலைகிறது. சீனாவின் சியான் நகருக்கு அருகே சுடுமண் படைவீரர் சிலைகளை அகழ்ந்தபோது, அவற்றின்மேல் பூசியிருந்த வண்ணம் உலர்காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே சுருண்டு உதிர்ந்தது. இன்று அவற்றுள் பெரும்பாலானவை மண்நிறத்திலேயே காட்சி தருகின்றன.

இதில் முதற்பகை உப்பு. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், தூத்துக்குடிப் பகுதி மாணவர்க்கு இதனை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை. கடற்காற்றுப் படும் வீட்டின் சன்னற்கம்பி எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதும், சுவரின் அடிப்பகுதியில் வெண்பூப் பூத்துக் காரை உதிர்வதும் அவர்கள் அறிந்தவையே. அகழ்ந்தெடுத்த மட்கலத்திலும் அதுவே நிகழ்கிறது. மண்ணிலுள்ள உப்பு நீரில் கரைந்து கலத்தின் நுண்துளைகளுள் புகுந்திருக்கும். கலம் உலரும்போது உப்புப் படிகமாகி விரியும். மேற்பரப்பைச் செதில்செதிலாகப் பெயர்க்கும். எனவே அத்தகைய கலத்தைத் தூயநீரில் ஊறவைத்து, நீரை மீண்டும் மீண்டும் மாற்றி, உப்பு வெளியேறியதை அளந்து உறுதிசெய்த பின்னரே மெதுவாக உலர்த்துவர். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

இரும்பின் நிலை இன்னும் கடினமானது. வாளின் வடிவம் எஞ்சியிருந்தாலும் உள்ளே உலோகம் முழுவதும் துருவாகவே மாறியிருக்கக்கூடும். துருவினுள் தங்கிய குளோரைடு உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து அரிப்பைத் தொடரச் செய்யும். காரக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்து அவ்வுப்பை வெளியேற்ற வேண்டும். பின்னர் மிகக் குறைந்த ஈரப்பதமுள்ள பேழையில் வைக்க வேண்டும். வெண்கலத்திற்கு வருவதை ‘வெண்கல நோய்’ என்றே வல்லுநர் அழைப்பர். வெளிர்பச்சைப் பொடியாக ஓரிடத்தில் தோன்றி, கவனியாது விட்டால் பொருளையே தின்றுவிடும். கோயிற் சிலைகளிலும் குத்துவிளக்கிலும் படியும் வழவழப்பான பசுங்களிம்பு வேறு. அது உலோகத்திற்கு ஒரு காப்பாகவே அமையும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே பயிற்சியின் முதற்படி. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களில் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையைப் பயன்படுத்தி அரிப்புற்ற வெண்கலப் பொருள்களை மீட்டெடுத்தார். அருங்காட்சியகத்திற்கு வரலாற்றறிஞர் மட்டுமன்று, வேதியியலாரும் தேவை என்பதை அவர் பணி உணர்த்தியது. அறிவியல் பிரிவு மாணவர்கள் இத்துறையைத் தமக்குரியதன்று எனக் கருதிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பொருத்தமற்றது.

அகழ்விடக் காட்சிக்கூடத்திற்கோ இவற்றோடு வேறு சில இடர்களும் உண்டு. பேழையில் உள்ள பொருளின் காற்றை முழுமையாகக் கட்டுப்படுத்தலாம். குழியைக் கட்டுப்படுத்துவது அரிது. மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் மேலேறும். கண்ணாடியின் அடிப்புறம் நீர் வியர்க்கும். ஒளியும் ஈரமும் சேருமிடத்தில் பாசி படரும். கறையான் வரும். மண்சுவர் உலர்ந்தால் சரியும். எனவே வடிகால், காற்றோட்டம், கூரை ஆகிய மூன்றையும் இடைவிடாது கவனிக்க வேண்டும். திறப்புவிழா நாளில் எந்தக் கண்ணாடியும் தெளிவாகவே இருக்கும். ஐந்தாவது ஐப்பசி மழைக்குப் பின்பும் அவ்வாறே இருக்கிறதா என்பதைக் கொண்டுதான் ஓர் அருங்காட்சியகத்தின் நடைமுறையை அளவிட வேண்டும்.

பதிவேடு

பார்வையாளர் காணாத அறை ஒன்று ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் உண்டு. அங்குள்ள தடித்த பதிவேடே அந்நிறுவனத்தின் உயிர்நாடி. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண் தரப்படும். அவ்வெண் வேறெந்தப் பொருளுக்கும் மீண்டும் வழங்கப்படாது. பொருளின் பெயர், செய்பொருள், நீளம், அகலம், எடை, கிடைத்த இடம், குழியின் எண், ஆழம், நாள், வந்துசேர்ந்த வழி, வரும்போது இருந்த நிலை ஆகியன எழுதப்படும். பொருளின் மறைவான ஓரிடத்தில், பின்னர் தீங்கின்றி நீக்கக்கூடிய வகையில் அந்த எண் சிறிதாகப் பொறிக்கப்படும். நிழற்படம் எடுக்கப்படும். பொருள் காட்சிக்கூடத்திலிருந்து ஆய்வகத்திற்கு ஒரு மணி நேரம் சென்றாலும் அதுவும் குறிக்கப்படும்.

சலிப்பூட்டும் பணிதான். ஆனால் காப்பாட்சியர் மாறுவார், கட்டடம் மாறும், ஆட்சியும் மாறும். பேழையில் ஒட்டிய அட்டை ஒருநாள் கழன்று விழும். அன்று பொருளையும் இடத்தையும் மீண்டும் இணைப்பது அந்த எண் ஒன்றே. கணினிப் பதிவு வந்த பின்னும் கையெழுத்துப் பதிவேட்டைக் கைவிடாத நிறுவனங்கள் பல. இதனைப் பழமைப்பற்று என்று எள்ளுவோர், பத்தாண்டுகளுக்கு முந்தைய குறுந்தகடு ஒன்றை இன்று திறந்து பார்க்க முயலட்டும்.

எலும்புகள்

தாழிக்குள் இருந்தவை பொருள்கள் மட்டுமல்ல. கண்ணாடித் தளத்தின்மேல் நிற்பவர், தம்மைப்போல் வாழ்ந்து மறைந்த ஒருவரின் எச்சத்தின்மேல் நிற்கிறார். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி சுக்கர்மன் என்னும் உடற்கூற்றியலாளர் எழுதிய ஆய்வு, 1930இல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. அக்காலத்தில் மண்டையோட்டின் அளவைக் கொண்டு மனிதர்களை இனம் பிரிப்பதே ஆய்வின் நோக்கமாக இருந்தது. அம்முறையின் அடிப்படையையே இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. உணவு, நோய், உழைப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றை அறியவே இன்று எலும்புகளை ஆராய்கின்றனர்.

மனித எச்சங்களைக் காட்சிப்படுத்தலாமா என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. அருங்காட்சியகங்களில் உள்ள முன்னோர் எலும்புகளைத் தொல்குடியினரிடம் திரும்ப ஒப்படைக்க வழிசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 1990இல் இயற்றியது. நம் நாட்டில் இவ்விவாதம் இன்னும் வலுப்பெறவில்லை. அடக்கம் செய்த இடத்திலேயே, அடக்கம் செய்த நிலையிலேயே காண்பது, மண்டையோடுகளைப் பேழையில் வரிசையாக அடுக்கிக் காண்பதைவிடக் கண்ணியமானது என்றே தோன்றுகிறது. ஆயினும், தளத்தின்மேல் நின்று தற்படம் எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கணம் தயங்குவதில் தவறில்லை.

மீண்டு வருமா?

பெர்லினுக்குச் சென்றவை திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. சென்னையில் உள்ளவற்றை இங்குக் கொண்டுவர வேண்டும் என்போரும் உண்டு. கோரிக்கை நியாயமானது. தம் முன்னோர் அணிந்த பட்டத்தைக் காணத் தூத்துக்குடி மாவட்ட மாணவர் ஒருவர் அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருப்பதும், கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருப்பதும் இயல்பான நிலையல்ல. அதே வேளையில், கேட்பவரிடம் எதிர்பார்க்கப்படும் தகுதிகளும் உள. நிலையான ஈரப்பதம் கொண்ட காப்பறை, பயிற்சி பெற்ற வேதியியலார், குறைவற்ற பதிவேடு, ஆண்டுதோறும் வரும் பராமரிப்பு நிதி ஆகியன இருந்தால்தான் கோரிக்கை வலிமை பெறும். இவற்றை ஏற்படுத்துவது பெர்லினின் கையில் இல்லை. நம் கையில் உள்ளது.

பொருநையாற்றங்கரையின் தொன்மையைப் பற்றிய அறிவும் விரைந்து விரிவடைந்து வருகிறது. 2020 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை சிவகளையில் அகழாய்வு செய்தது. அங்கு ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. இவ்வகழாய்வுகளின் தொல்பொருள்களுக்காகத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் உருவாயிற்று. கீழடியில் 2023 மார்ச்சு 5 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நகரில் ஒரு பெரிய அருங்காட்சியகம், அகழ்ந்த ஊரில் ஒரு காட்சிக்கூடம் என இரண்டும் இருப்பது நல்லதே. ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்றொன்றில் இடத்தை உணரலாம்.

கரையோரத்தில் எஞ்சியவை

அகழ வேண்டிய தேவையே இல்லாத தொல்பொருள்களும் உள்ளன. அவை நம் வீடுகளில் உள்ளன. ஆறுமுகநேரியின் உப்பளங்களில் உப்பு வாருவதற்குப் பயன்பட்ட நீண்ட கைப்பிடியுடைய மரப்பலகை, கடலோர ஊர்களில் முத்துக்குளிப்போர் கயிற்றில் கட்டிக் காலூன்றி ஆழம் சென்ற கல், சிப்பிகளைச் சேர்க்கும் வலைப்பை ஆகியவற்றைச் சான்றாகக் கூறலாம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் இறுதியாக நிகழ்ந்தது. அன்று இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்.

அக்கல்லைப் பள்ளி ஒன்றின் கண்ணாடிப் பேழையில் வைப்பது அரை நாள் வேலை. கல் அழியாது, இன்னும் ஆயிரம் ஆண்டுகளும் கிடக்கும். ஆனால் அதன் எடை ஏன் அவ்வளவு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் யார், மூழ்கியவருக்கு அவர் என்ன உறவு, மேலே இழுக்குமாறு எவ்வாறு குறிப்புணர்த்தினர், பாரில் இறங்கும் நாளில் கரையில் இருந்தோர் என்ன செய்தனர், கிடைத்த சிப்பி எவ்வாறு பங்கிடப்பட்டது என்பவற்றைக் கல் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். பதிவேட்டின் முதற்பக்கத்தில் வரிசை எண் ஒன்று எனக் குறித்து, பொருளின் பெயர், அளவு, எடை ஆகியவற்றை எழுதி, ‘பயன்பாடு’ என்னும் கட்டத்தை அவரிடம் கேட்டு நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும். அவர் சொல்லும் சொற்களை அவர் சொல்லும் வடிவிலேயே எழுத வேண்டும். ஏட்டுத்தமிழுக்கு மாற்ற வேண்டியதில்லை.